மதகுச் சாவி யார் கையில்?

எங்க திருத்துறைப்பூண்டி பக்கம் வயலை யாருக்கு வேணும்னாலும் குத்தகைக்கு விடுவாங்க. ஆனா வாய்க்கால் மதகுச் சாவி லஸ்கர் கையில்தான். குத்தகைக்காரர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் கிடைக்காது.

துறைமுகத்துக்கு வருவோம். 2001ல் சென்னைத் துறைமுகக் கன்டெய்னர் டெர்மினலை 30 வருஷத்துக்கு எடுத்தது பி அண்ட் ஓ போர்ட்ஸ். 2006ல் அந்த பி அண்ட் ஓ-வையே துபாய் அரசின் டிபி வேர்ல்ட் வாங்கிடுச்சு. டெர்மினலும் கூடவே போச்சு. குத்தகைக்காரரையே இன்னொருத்தர் விலைக்கு வாங்கின கதை!

அதே வியாபாரத்தில் ஆறு அமெரிக்கத் துறைமுகங்களும் இருந்தன. அங்கே எழுந்த கூச்சலில் டிபி வேர்ல்ட் அவற்றை ஏஐஜி நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. கூச்சலில் பாதி 'அரபுக்காரன்' என்ற வெறுப்புதான், அசிங்கம். ஆனா ஒரு நல்லதும் நடந்தது. இப்படிப்பட்ட முதலீடுகளை ஆராய்ந்து, நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கணும்னு 2007ல் சட்டம் போட்டாங்க.

நம்ம கதை? துருக்கியின் செலெபி நிறுவனம் சென்னை உட்பட ஒன்பது விமான நிலையங்களில் வேலை பார்த்தது. 2022ல் பாதுகாப்பு அனுமதி கொடுத்தார்கள். 2025 மே மாதம் ஒரே உத்தரவில் ரத்து. காரணம் மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும். ஆபத்துன்னா முதல்ல ஏன் கொடுத்தீங்க? ஆபத்து இல்லைன்னா ஏன் பறிச்சீங்க? ரெண்டுக்கும் பதில் அந்த உறைக்குள்ளேதான் :-(

"கஸ்டம்ஸும் சிஐஎஸ்எஃப்பும் நம்ம ஆளுங்கதானே?" என்பார்கள். வாசலில் துப்பாக்கி நம்மளோடது, சரி. எந்தப் பெட்டி எங்கே இருக்கு, எந்தக் கப்பலில் ஏறுதுன்னு தெரிஞ்ச கம்ப்யூட்டர் யாரோடது? பொட்டி தட்டுற எனக்கு அந்தக் கேள்விதான் முதல்ல வருது.

வெளிநாட்டுக்காரனே வேண்டாம்னு நான் சொல்லலை. நாகை பக்கம் பனங்குடியில் ஆலை நடத்தின நிறுவனம் சிபிசிஎல். அதில் ஈரானின் நாஃப்டிரானுக்கு 15.4% பங்கு இருக்கு. பாதிக்கு மேல இந்தியன் ஆயில் கையில். பங்கு வேற, சாவி வேற.

கேட்கிறது மூணே மூணு. முதலாளி மாறினால் அனுமதி மறுபடி முதலிலிருந்து. சில வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கை. கொடுத்தாலும் பறித்தாலும் காரணம் நாடாளுமன்றக் குழுவுக்குத் தெரியணும். உள்ளூர் முதலாளிக்கும் இதே விதிதான், பேரு தமிழ்ப் பேரா இருக்குன்னு சலுகை வேண்டாம்.

சண்டை வந்த அன்னைக்கு எதிராளி பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது பாதுகாப்பு இல்லீங்க. வெள்ளம் வந்தப்புறம் மதகுச் சாவியைத் தேடுற வேலை அது.