கடைசிப் பக்கங்கள் எங்கே?

நானூறு பக்க வரலாற்று நூல் அது. வைகைக் கரை ஊர் ஒன்றின் பெயரை அதில் எங்கோ படித்த நினைவு. தேடித் தேடி ஒரு மாலைப் பொழுதே போயிற்று. முன்னால் பொருளடக்கம் உண்டு, பின்னால் சொல்லடைவு இல்லை. உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அரும்பத அகராதியையும் சேர்த்தே தந்தார். ஒவ்வொரு சொல்லாகக் கையால் எழுதி, இடம் குறித்து, அகரவரிசையில் அடுக்கிய உழைப்பு! இன்று பாதி வேலையைக் கணினியே செய்துவிடும். ஆனாலும் அச்சில் ஒரு ஃபாரம் அளவு பக்கங்கள் கூடினால் விலை ஏறிவிடும் என்று பதிப்பகங்கள் பல முதலில் கைவைப்பது சொல்லடைவில்தான். பத்து வருஷம் கழித்தும் ஒரு பெயரைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் இருக்கிறோம். விலை ஏறினால் ஏறட்டும், கொடுத்து வாங்குகிறோம்.