கூரையில் ஒரு துளை

அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாள்களில் முன்பக்க மட்கார்டில் துளையிட்டு, நீட்டி மடக்கும் ஏரியலைப் பொருத்துவது வழக்கம். இன்றோ துளை என்றாலே கார்க்காரர் முகம் சுளிக்கிறார். கார்ச் சாமான்களுக்குப் பேர்போன நம் ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எதையும் ஒட்டித்தான் தரச் சொல்கிறார்கள். பாட்டு மட்டும் கேட்பவர்க்கு அது சரியே. ஆனால் ஆம்புலன்ஸ், மீட்பு வண்டி, உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியினரின் கார் ஆகியவற்றுக்குத் துளைதான் ஏற்றது என்பது என் கருத்து.

பௌதிக மாணவர் அறிவர், இவ்வகை ஏரியலுக்குக் கம்பி பாதிதான். அடியிலுள்ள தகடே மறுபாதி. 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, அரை மீட்டர். அந்தக் கம்பியைக் கூரை நடுவில் நிறுத்தினால் நாற்புறமும் ஒலிபரப்பு ஏறக்குறைய சமமாகப் பரவும். பம்பரில் நிறுத்தினால் ஒருபுறம் வலுத்து மறுபுறம் மெலியும்.

காந்த ஏரியலையும் கூரை நடுவில் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம்; ஒருநாள் பயணத்திற்கு அது போதும். ஆனால் அதன் கேபிள் கதவிடுக்கில் நசுங்கும். காந்தத்தின் அடியில் தூசி சேர்ந்து பெயிண்டைக் கீறும். மரக்கிளை தட்டினால் சாய்ந்துவிடும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சென்னையின் பல பகுதிகளில் செல்போன்கள் ஊமையாயின. அத்தகைய இரவில் வெள்ளத்தில் செல்லும் வண்டியின் ஏரியல் சாய்ந்து கிடந்தால் யாரை அழைப்பது?

துருப் பிடிக்கும் என்ற அச்சம் பொய்யன்று. கடற்காற்று வீசும் ஊர் இது. எனினும் துருவுக்குக் காரணம் துளையன்று, துளையிட்டவரின் அவசரம். முதலில் உள்கூரைத் துணியை இறக்கி, குறுக்குச் சட்டமோ ஒயரோ காற்றுப்பையோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பஞ்ச் அடித்து, சிறு துளை போட்டு, பிறகே வட்ட ரம்பத்தால் முக்கால் அங்குலத்துக்கு விரிக்க வேண்டும். பிசிறை அராவி, இரும்புத்தூளை ஒன்றுவிடாமல் துடைக்க வேண்டும். கூரையில் தங்கிய தூள் ஒரே மழையில் துருப்புள்ளியாகும். வெட்டிய விளிம்புக்குப் பிரைமர் பூசி, மேலே ரப்பர் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். உட்புறம் மட்டும் ஏரியலின் அடிப்பாகம் பெயிண்ட் இல்லாத தகட்டைத் தொட வேண்டும். இதை மறந்தால் துளையிட்டும் பயனில்லை.

விற்கும்போது விலை குறையுமே என்பார் சிலர். ஏரியலைக் கழற்றிய பின் துளையை அடைக்க ரப்பர் மூடி ஒன்று போதும்.