இழுக்கும் வலிமையும் தாங்கும் வலிமையும்

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை, நோர்வூட்டில் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமாகப் பிரிகின்றது. அந்தச் சந்தியில் கால்மணி நேரம் நின்று பார்த்தால் போதும். கொழுந்து ஏற்றிய லொறி, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம், மரக்கறி மூட்டைகளைச் சுமந்த கெப் வண்டி, மக்கள் 'பட்டா' என்று அழைக்கும் சிறு லொறி ஆகிய யாவும் நம்மைக் கடந்து செல்லும். மலைநாட்டின் வாழ்வு பாரத்தை ஏற்றுவதிலும் இறக்குவதிலுமே நடைபெறுகின்றது.

இவ்வண்டிகளைக் காணும் மாணவர் உள்ளத்தில் எழும் முதல் வினா, "இது எவ்வளவு பாரத்தை இழுக்கும்?" என்பதே. வண்டி வாங்கச் செல்லும் குடும்பத் தலைவரும் அதையே கேட்கிறார். ஆனால், அதனினும் முக்கியமான வினாக்கள் இரண்டு உள. எவ்வளவு பாரத்தை இது தன் முதுகில் தாங்கும்? எவ்வளவு பாரத்தைப் பள்ளத்தில் நிறுத்தும்? இவ்விரண்டையும் கேளாமல் விடுவதால் விளையும் கேடுகள் பல.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1867ஆம் ஆண்டில் கொழும்பு - கண்டி இருப்புப்பாதை திறக்கப்படும் வரையில், மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டு வண்டிகளிலேயே துறைமுகம் சேர்ந்தது. வண்டிக்காரர் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் என்று இரண்டைப் பார்ப்பார். பாரம் பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தி மாட்டை முழங்காலிடச் செய்யும். ஆகவே, அச்சுக்குச் சற்று முன்னே பாரம் நிற்குமாறு அடுக்கினார்கள். பெரும்பகுதிப் பாரம் சக்கரத்தின் மீது; சிறு பகுதி மாட்டின் கழுத்தின் மீது. இன்றைய இழுவை வண்டிகளின் இலக்கணம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

கொழும்புத் துறைமுகத்தை அடுத்த வீதிகளில் கொள்கலன் சுமந்து செல்லும் நீண்ட வண்டிகளை நேயர்கள் கண்டிருப்பீர்கள். முன்னே இழுக்கும் வண்டி வேறு. பின்னே பாரம் தாங்கும் நீண்ட சட்டம் வேறு. பின்வண்டிக்கு முன்புறத்தில் சக்கரம் இல்லை. அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த ஆணி, முன்வண்டியின் முதுகிலுள்ள வட்டத் தகட்டில் பொருந்திப் பூட்டிக்கொள்கின்றது. இந்தத் தகட்டுக்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காகப் படுக்கை வசமாக ஒரு வளையத்தை வைத்தனர். உருளாத அச்சக்கரமே ஐந்தாம் சக்கரம் எனப்பட்டது. குதிரை போன பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

சிறு வண்டியைக் கொண்டு பெரும் பாரத்தை இழுக்கும் ஆசையும் புதிதன்று. 1914ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டிட்ராயிட் நகரில் ஒரு மரவியாபாரி, தம் படகை ஏரிக்குக் கொண்டு செல்ல விரும்பினார். கையில் இருந்தது ஃபோர்டு 'டி' வகைச் சிறு மோட்டார் வண்டி. ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், அவ்வண்டியின் பின்னே பூட்டத்தக்க இழுவைப் பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதுவே பின்னர் உலகெங்கும் பரவிய 'அரை இழுவை' வண்டிகளின் முன்னோடிகளுள் ஒன்றாயிற்று.

இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் கட்டிலும் அடுப்பும் குளியலறையும் கொண்ட முழு வீடுகளையே இம்முறையில் கெப் வண்டியின் முதுகில் பூட்டி இழுத்துச் செல்கின்றனர். பந்துக் கொளுவியில் பூட்டும் சாதாரணப் பெட்டியைவிட இது உறுதியானது. ஏன்? பந்துக் கொளுவி வண்டியின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகின்றது. பெட்டி ஆடும்போது அது நெம்புகோல் போலாகி வண்டியின் வாலை ஆட்டும். முன் சக்கரங்களை மேலே தூக்கவும் முனையும். ஐந்தாம் சக்கரமோ பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னே அமைகின்றது. அங்கே நெம்புவதற்கு நீளம் இல்லை.

ஆயினும் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. பெட்டியின் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முன்வண்டியின் முதுகில் ஏறிவிடுகின்றது. மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். ஒரு கெப் வண்டி 4,500 கிலோ இழுக்கும், 700 கிலோ தாங்கும் என்று கொள்வோம். 4,500 கிலோ எடையுள்ள பெட்டியைப் பூட்டினால் முதுகில் விழுவது 900 கிலோ. இங்கேயே அளவு மீறிவிட்டது. இன்னும் குடும்பத்தார் நால்வரும் பொதிகளும் 250 கிலோ. பூட்டும் கருவி 80 கிலோ. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 370 கிலோவே. அதனை ஐந்தால் பெருக்குக. 1,850 கிலோ! அஃதாவது, 4,500 என்று விளம்பரம் சொன்ன வண்டி, உண்மையில் அதன் பாதியையும் இம்முறையில் இழுக்கத் தகுதியற்றது. எஞ்சின் இழுத்துவிடும், அச்சும் வில்லும் டயரும் தாங்கமாட்டா. வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், பாரம் மிகுந்த வண்டியை அங்கே உவமையாக வைத்தபோது, மாடு களைப்பதைச் சொல்லவில்லை. அச்சு முறிவதையே சொன்னார் என்பது நினைக்கத்தக்கது.

இது சமவெளிக் கணக்கு. நம் மலைக்கு வந்தால் கணக்கு மேலும் கடுமையாகும். ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே உள்ளது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், டர்போ பொருத்தாத எஞ்சின் தன் வலுவில் எட்டில் ஒரு பங்கை இழந்துவிடும். எனினும் ஏற்றம் அன்று, இறக்கமே நமக்குப் பகை. ஏற்றத்தில் வலிமை போதாவிட்டால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் போதாவிட்டால் நிற்காது.

ஹற்றனிலிருந்து கினிகத்தேனை, கித்துள்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் வழியை எண்ணிப் பாருங்கள். வண்டியும் பெட்டியும் சேர்ந்து நாலாயிரம் கிலோ. இறங்கும் உயரம் ஆயிரம் மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இவ்வீழ்ச்சியில் வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், சுமார் 115 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளாத வெப்பமெல்லாம் பிரேக் கட்டைகளையே சேரும். அவை அளவுக்கு மேல் சூடேறினால் பிடிப்பை இழக்கும். அவ்வேளையில் பெட்டி பின்னிருந்து தள்ள, வளைவில் முன்வண்டி பேனாக்கத்தி மடிவது போல மடிந்துவிடும். ஆதலால், எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிகளின் விதி. கனத்த பெட்டிக்குத் தனக்கென்று பிரேக் இருத்தல் வேண்டும் என்பதும் அத்தகையதே.

இருசக்கர உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டுவோர் அறிய வேண்டிய வேறொரு விந்தையும் உண்டு. சமதரையில் இடக்கைப் பிடியை அழுத்தினால், இடச் சக்கரத்துக்குச் செல்லும் வலு நின்று இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் பாரம் பின்னிருந்து தள்ளும்போதோ, வலு நீங்கிய இடச் சக்கரம் தடையின்றி விரைந்தோடும்; வலச் சக்கரத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். விளைவு யாது? இயந்திரம் வலப்பக்கம் திரும்பும்! இதனை அறியாத இளைஞர், மலைச்சுவரை நோக்கித் திருப்ப எண்ணிப் பள்ளத்தை நோக்கித் திருப்பிவிடுவார்.

இனி, சொல்லத் தயங்கினும் சொல்ல வேண்டியது ஒன்று. கொழுந்து மூட்டைகளுக்காகச் செய்த பெட்டியில் ஆட்களையும் ஏற்றிச் செல்வதை மலைநாட்டார் யாவரும் கண்டிருப்பர். அப்பெட்டியில் இருக்கை இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. பல பெட்டிகளுக்குப் பிரேக்கும் இல்லை. மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். மனிதரோ வளைவுதோறும் ஒரு பக்கமாய்ச் சாய்வர். அவர்கள் சாயும் பக்கத்திலேயே பெட்டியும் கவிழப் பார்க்கும். காலையில் மலைக்குப் போகும் தாய் மாலையில் லயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது எந்த அவசரத்தினும் பெரிது. நடந்து போனால் அரைமணி நேரம் பிந்தும். பிந்தட்டும்.

மாணவர்களே, வீட்டில் வண்டி வைத்திருப்போர் உங்கள் தந்தையாயினும் மாமனாயினும், இன்று மாலை ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர் அருகே அமருங்கள். வண்டியின் கதவோரத் தகட்டிலோ பதிவுப் புத்தகத்திலோ குறித்துள்ள எடையளவுகளைப் பாருங்கள். ஏறும் ஆட்களின் எடையைக் கூட்டுங்கள். சாமான்களின் எடையைக் கூட்டுங்கள். பெட்டி இருந்தால் அதன் முன்பாரத்தையும் கூட்டுங்கள். எஞ்சியது என்ன என்று கழித்துச் சொல்லுங்கள். பள்ளியிற் கற்ற கூட்டலும் கழித்தலும் ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடிய இடம் இது.