செக்குக்கு ஒரு இங்க், ஆசைக்கு ஒரு இங்க்



மாசச் செலவை நோட்டுல எழுதறது பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி பணத்தைப் பத்தியே இல்ல. "சார், அந்தப் பச்சை கலர் இங்க் என்ன? நாங்களும் பவுண்டன் பேனாவும் பாட்டில் இங்க்கும் வாங்கலாமா? இது வெட்டிச் செலவா?" இதுதான் கேள்வி.

வெட்டிச் செலவு இல்ல, தாராளமா வாங்கலாம். ஆனா பாட்டில் ஒண்ணு இல்ல, ரெண்டு வாங்கணும்னு நான் சொல்வேன். ஒண்ணு உங்க ஆசைக்கு, எந்தக் கலரா வேணா இருக்கட்டும். இன்னொண்ணு உங்க கையெழுத்துக்கு, தண்ணி பட்டாலும் அழியாத கருப்பு அல்லது கரு நீலம். இந்த ரெண்டையும் ஒண்ணாக்கினா ஆசையா வாங்கின இங்க்கே நமக்கு வில்லன் ஆயிடும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல கணக்கு

பேனாவுக்குள்ள இருக்கற கன்வெர்ட்டர்ல சுமாரா 1 மி.லி. இங்க் பிடிக்கும். வாரம் ஒரு தடவை நிரப்பறீங்கன்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 52 மி.லி. அதாவது ஒரு சாதாரண பாட்டில் ஒரு வருஷம் வரும்.

உள்ளூர் இங்க் 60 மி.லி. 40 ரூபாய்னு எடுத்துக்கிட்டா, ஒரு மி.லி. 70 பைசா கூட ஆகல. வெளிநாட்டு இங்க் 50 மி.லி. 1,600 ரூபாய்னா, ஒரு மி.லி. 32 ரூபாய். கிட்டத்தட்ட 48 மடங்கு! அப்பவும் மாசத்துக்கு 140 ரூபாய்க்குள்ளதான் அடங்கும். சம்பாதிக்கறவங்க ஒரு சின்ன சந்தோஷத்துக்கு இதைச் செலவு பண்றதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

தப்பு எங்க நடக்குதுன்னா, கலர் அழகா இருக்குன்னு பத்து பாட்டில் வாங்கறதுல. மேல போட்ட கணக்குப்படி அது பத்து வருஷ ஸ்டாக். எங்க பாஷையில 'ஸ்லோ மூவிங் ஸ்டாக்'. எந்தக் கடைக்காரரும் இப்படி சரக்கு பிடிச்சா நான் கேள்வி கேட்பேன். அதனால முதல்ல சாம்பிள் கிடைக்குதான்னு பாருங்க. ஒரு பாட்டில் பாதிக்கு மேல தீர்ந்த அப்புறம் அடுத்த கலரை யோசிங்க.

நம்ம ஊர்க்காரங்க செஞ்ச இங்க்குக்கும் பஞ்சம் இல்ல. கேம்லின் 1931-ல தொடங்கினது. சுலேகா 1934-ல சுதேசி இயக்கத்தோட வேகத்துல வங்காளத்துல பிறந்தது. சென்னையோட பிரில் இருக்கு, பாலக்காட்டுல இருந்து வர்ற கிருஷ்ணா இருக்கு. கலர் ஆசைக்கு இறக்குமதி பாட்டில்தான் வேணும்னு இல்ல.

செக்குல எந்தக் கலர்?

"2025-ல இருந்து கருப்பு இங்க்ல செக் எழுதக் கூடாது"ன்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? அது பொய். செக் எழுத ரிசர்வ் வங்கி குறிப்பிட்ட கலர் எதையும் விதிக்கல. ஆனா ரெண்டு விஷயம் சொல்லியிருக்கு. ஒண்ணு, படம் பிடிச்சா தெளிவா விழற கலரா இருக்கணும். ரெண்டு, யாரும் திருத்த முடியாதபடி அழியாத இங்க்ல எழுதறது நல்லது.

படம் எதுக்கு? இப்ப செக் ஊர் ஊரா பயணம் பண்றதில்ல. சிடிஎஸ் முறையில, ராசிபுரத்துல நீங்க போடற செக்கோட படம் மட்டும்தான் போகும். செக்கோட முன்பக்கம் சாம்பல் நிறத்துல ஒரு படம், கருப்பு வெள்ளையில ஒரு படம், பின்பக்கம் கருப்பு வெள்ளையில ஒரு படம். கருப்பு வெள்ளைப் படத்துல நடுத்தரமே கிடையாது. ஒரு புள்ளி கருப்பு, இல்லாட்டி வெள்ளை. உங்க வெளிர் ஆரஞ்சும் வான நீலமும் அங்க வெள்ளையா மாறி காணாமப் போக வாய்ப்பு இருக்கு. நிதி நிறுவனத்துக்கு டியூ கட்டற லாரிக்காரரோட செக் இதனால திரும்பினா, அபராதம் அவர் தலையிலதான்.

அழியற இங்க்: நஷ்டம் யாருக்கு?

இதுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

அழகான கலர் இங்க்ல பெரும்பாலானது தண்ணியில கரையற சாயம். சட்டையில பட்டா துவைச்சுடலாம்னு பெருமையா விளம்பரம் பண்ற இங்க்கை, செக்குல இருந்தும் துவைச்சுடலாம். பெயரையும் தொகையையும் அழிச்சு மாத்தி எழுதினா?

மாற்று முறை ஆவணச் சட்டம், 1881-ல பிரிவு 89 என்ன சொல்லுதுன்னா: செக்குல திருத்தம் நடந்திருக்கு, ஆனா அது பார்வைக்குத் தெரியல. பேங்க் நல்லெண்ணத்தோட, கவனக்குறைவு இல்லாம பணம் கொடுத்துட்டா, பேங்கோட பொறுப்பு முடிஞ்சுது. அதாவது திருத்தம் எவ்வளவு சுத்தமா நடக்குதோ, அவ்வளவு தூரம் நஷ்டம் உங்க பக்கம் வரும். சுத்தமா அழியற இங்க்கை செக்குல போடறது, திருடனுக்கு நாமே ரப்பர் கொடுக்கற மாதிரி.

50,000 ரூபாய்க்கு மேல செக் கொடுத்தா 'பாசிட்டிவ் பே'யில விவரத்தைப் பதிஞ்சுடுங்க. 2021 ஜனவரியில இருந்து இந்த வசதி இருக்கு. அதே மாதிரி, லோன் ஏஜென்ட் நீட்டற பேனாவுல செக் எழுதாதீங்க, கேன்சல்டு செக்கா இருந்தாலும் சரி. சூடு பட்டா மறையற இங்க் பேனா கடையிலயே கிடைக்குது. உங்க செக், உங்க பேனா, உங்க இங்க்.

"இப்ப யாரு சார் செக் எழுதறாங்க?"

நியாயமான கேள்வி. டீக்கடை முதல் கரண்ட் பில் வரை எல்லாம் யுபிஐதான். ஆனா நீங்க பேனா எடுக்கற இடங்களை எண்ணிப் பாருங்க. ஹவுசிங் லோனுக்கு செக்யூரிட்டி செக். சீட்டு எடுத்தா கம்பெனிக்கு செக். சொந்தக்காரருக்கு கைமாத்து கொடுத்தா புரோ நோட்டு. வாடகை ஒப்பந்தம். அப்பாவோட உயில். வருஷத்துக்கு நாலு கையெழுத்துதான், ஆனா ஒவ்வொண்ணும் லட்சத்துல. உயில் முப்பது நாப்பது வருஷம் பீரோவுல கிடக்கும். ஓடு ஒழுகி ஒரு சொட்டு விழுந்தா, எழுத்து நிக்கணுமா இல்லையா? எழுதறது குறைஞ்சதாலதான் எழுதற இங்க் முக்கியமாகுது.

எப்படித் தேர்ந்தெடுக்கறது?

கடையில சொல்ற பேரை மட்டும் நம்பாதீங்க. 'ப்ளூ பிளாக்'னு பேர் இருந்தாலே அழியாதுன்னு அர்த்தம் இல்ல. அந்தக் காலத்து ப்ளூ பிளாக்ல இரும்பும் டானினும் சேர்ந்து காகிதத்துல ஊறி கருக்கும். இப்ப அந்தப் பேர்ல வர்ற பலதும் வெறும் சாயம்தான். வீட்டுலயே மூணு சோதனை போதும்.

1. தண்ணிச் சோதனை: ரெண்டு வரி எழுதி ஒரு நாள் விடுங்க. ஒரு சொட்டு தண்ணி விட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒத்தி எடுங்க. எழுத்து படிக்க முடிஞ்சா பாஸ்.

2. ஸ்கேன் சோதனை: போன் ஸ்கேன் ஆப்ல கருப்பு வெள்ளை ஃபில்டர் போட்டுப் பாருங்க. எழுத்து உடைஞ்சு தெரிஞ்சா அந்தக் கலர் செக்குக்கு ஆகாது.

3. பேப்பர் சோதனை: நீங்க தினமும் எழுதற நோட்டுலயே எழுதிப் பாருங்க. பின்பக்கம் ஊறினா, அந்த நோட்டுல பாதிப் பக்கம் வீண். அதுவும் செலவுதான்.

அழியாத இங்க்ல நிறமித் துகளோ இரும்போ இருக்கும். பேனாவுல காய விட்டா அடைச்சுக்கும். மாசம் ஒரு தடவை பச்சைத் தண்ணியில பேனாவைக் கழுவிடுங்க. ஒரு எச்சரிக்கை: படம் வரையற 'வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க்' பக்கத்துலயே இருக்கும், பாட்டிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி. அதைப் பவுண்டன் பேனாவுல ஊத்தினா பேனா காலி.

பச்சை கெஜடெட் ஆபீஸருக்கு மட்டும்தானேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அது ஆபீஸ் ஃபைல் வழக்கம். உங்க செலவு நோட்டுல உங்களுக்கு மேல ஆபீஸர் யாரும் இல்ல. நல்ல கலர் இருந்தா தினமும் எழுதத் தோணும், எழுதினா செலவு கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே பாட்டில் இங்க்கை நான் ஆதரிக்கறேன்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல இருக்கற பேனா எல்லாத்துலயும் ஒரு வரி எழுதி வைங்க. நாளைக்கு தண்ணிச் சோதனை. எது பாஸ் ஆகுதோ, அது செக் புக்கோட இருக்கட்டும். மத்ததெல்லாம் நோட்டுக்கு.