ஒரு தாளின் கனமும் ஒரு பை மணலும்



கைவினைக்கென்று ஒதுக்கப்பட்ட இப்பக்கத்தில் இம்முறை துப்பாக்கி நுழைகிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் பேசப்போவது உயிரைக் குறிவைக்கும் துப்பாக்கியைப் பற்றியல்ல. காகிதத்தில் வரைந்த வட்டத்தைக் குறிவைக்கும் துப்பாக்கியைப் பற்றியே. அதிலும் துப்பாக்கியைப் பற்றிக்கூட அல்ல, அதன் பின்கட்டைக்கு அடியில் வைக்கப்படும் ஒரு பையைப் பற்றி. தையல் ஊசியும் பழந்துணியும் சல்லடையும் புழங்கும் எந்த வீட்டுக்கும் அது அந்நியமான செய்தியன்று.

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஜார்ஜ் ஃபார்க்வார்சன் என்றொரு இலக்குச் சுடுநர் இருந்தார். அக்காலத்து நெடுந்தூரப் போட்டிகளில் சுடுபவர் தரையில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, தோள்வாரின் இறுக்கத்தில் துப்பாக்கியைத் தாங்கி, கண்ணாடி வில்லையின் பெருக்கம் ஏதுமற்ற குறிமுள்ளின் வழியே ஆயிரம் கஜத்துக்கு அப்பாலுள்ள இலக்கைப் பார்க்க வேண்டும். இளமையில் இது வீரம், முதுமையிலோ வேதனை. கண் மங்குகிறது, தோள் மரத்துப்போகிறது, முழங்கை வலிக்கிறது. வாழ்நாளெல்லாம் பழகிய கலையை விட்டு முதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒதுங்க வேண்டிய நிலை. ‘இவர்களுக்குத் தொலைநோக்கியைக் கொடுப்போம், துப்பாக்கிக்கு முன்னும் பின்னும் தாங்கி வைக்க விடுவோம்’ என்பதே ஃபார்க்வார்சனின் யோசனை. அவர் பெயரின் முதலெழுத்தைக் கொண்டே அவ்வகைப் போட்டிக்கு ‘எஃப் கிளாஸ்’ என்று பெயர் வந்தது. முதியோருக்கான சலுகையாகத் தொடங்கியதில் பின்னர் இளைஞர்களும் திரண்டனர். 2009ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிஸ்லியிலும், 2013இல் அமெரிக்காவின் ரேட்டனிலும், 2017இல் கனடாவின் ஒட்டாவா அருகிலும் இதற்கான உலகப் போட்டிகள் நடைபெற்றன.

தாங்கி வைத்துச் சுடுவதில் என்ன திறமை இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அதற்கு ஒரு சிறு கணக்கே விடை சொல்லும்.

இவ்வகைத் துப்பாக்கி இரண்டு இடங்களில் தாங்கப்படுகிறது. குழலுக்குக் கீழே முன்கட்டையில் ஓர் இருகால் தாங்கியோ பீடமோ இருக்கும். தோளில் அணையும் பின்கட்டைக்கு அடியில் ஒரு பை இருக்கும். இரண்டுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இலக்கோ ஆயிரம் கஜம், அதாவது 914 மீட்டர் தொலைவில். இந்தத் தொலைவு அந்த இடைத்தூரத்தைப் போல 1200 மடங்குக்கும் மேல். ஆகவே பின்கட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கீழே அமிழ்ந்தால், குழல் நிமிர்ந்து, இலக்கில் குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் மேலே போய்விடும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நாம் எழுதும் ஒரு வெள்ளைத்தாளின் கனம். அமெரிக்க எஃப் கிளாஸ் இலக்கில் ஆயிரம் கஜத்துக்குரிய பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம். மையத்திலிருந்து விளிம்பு வரை 12.7 சென்டிமீட்டர். அப்படியென்றால் பின்னால் ஒரு தாளின் கனம் அசைந்தாலே மையத்துக்கு வைத்த குறி வட்டத்தின் விளிம்புக்கு ஓடிவிடுகிறது! காற்றின் விளையாட்டையும் மருந்தின் வேறுபாட்டையும் இன்னும் சேர்க்கவில்லை.

விலையுயர்ந்த குழலும் தொலைநோக்கியும் வாங்கியவர் கூடப் பின்னால் இருக்கும் இந்தப் பைக்குத்தான் கட்டுப்பட்டவர். அமெரிக்கக் கடைகளில் நல்ல தோற்பை ஒன்று நூறு டாலரைத் தாண்டும். துப்பாக்கியையே பழையதாக வாங்கி, ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணிச் செலவிடும் தொழிலாளிக்கும் மாணவனுக்கும் அது சிறிய தொகையன்று. ஆனால் இவ்விளையாட்டின் கருவிகளுள், ஏழையும் செல்வரும் சமமாக நிற்கக்கூடிய பொருள் இது ஒன்றுதான் என்று துணிந்து கூறலாம். நல்ல குழலை வீட்டில் கடைந்தெடுக்க முடியாது. நல்ல பையை வீட்டில் தைத்துவிட முடியும். காசு கொடுத்து வாங்கும் பையில் கிடைப்பது அழகும் நீண்ட உழைப்பும். அசையாமை என்பது அதில் மணலை அடைத்தவரின் பொறுமையிலிருந்து வருவது.

அந்நாட்டில் சிக்கனக்காரர்கள் முதலில் எடுப்பது பழைய ஜீன்ஸ் கால்சட்டையைத்தான். முழங்கால் கிழிந்திருந்தாலும் தொடைப்பகுதித் துணி உறுதியாக இருக்கும். கத்தரியை எடுப்பதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கியை முன்தாங்கியில் வைத்து, சுடுபவர் படுத்தோ மேசையில் அமர்ந்தோ இலக்கை நோக்க, இன்னொருவர் பின்கட்டையின் அடிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். அந்த உயரத்தைவிடச் சற்றே கூடுதலாகப் பை இருக்க வேண்டும்; பாரம் ஏறினால் கொஞ்சம் இறங்குமல்லவா? இந்த அளவை எடுக்காமல் அழகாகத் தைத்து, பிறகு பைக்கு அடியில் புத்தகங்களை அடுக்குபவர்கள் பலர்.

அடிப்பை பெட்டி வடிவில் இருப்பது நல்லது. 15 சென்டிமீட்டர் நீளம், 13 அகலம், 9 உயரம் என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு ஒன்றேமுக்கால் லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ என்பதால் பை மூன்று கிலோவை நெருங்கும். அந்த எடை வேண்டும். இலேசான பை, துப்பாக்கி பின்னுதைக்கும்போது கூடவே நகர்ந்துவிடும். ஓரங்களில் ஒன்றரை சென்டிமீட்டர் துணி விட்டு, கெட்டியான நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டு, பிறகு உள்வெளியாகப் புரட்ட வேண்டும். அடியில் புனல் நுழையும் அளவுக்கு ஒரு வாய் மட்டும் தைக்காமல் விடப்பட வேண்டும்.

உள்ளே இன்னொரு பை அவசியம். ஜீன்ஸ் துணியின் இழைகளுக்கிடையே நுண்மணல் தூளாகக் கசியும். அது துப்பாக்கியின் தாழ்ப்பாளுக்குள் புகுந்தால் அரைக்கத் தொடங்கிவிடும். நெருக்கமாக நெய்த நைலான் துணியே உட்பைக்கு ஏற்றது. கம்பி ஒடிந்து மூலையில் கிடக்கும் குடையின் துணி இதற்கென்றே நெய்தது போல் இருக்கும்!

பையின் மேல் இரு ‘காதுகள்’ உண்டு. முயலின் காதுகளைப் போல நிமிர்ந்து நிற்பதால் அப்பெயர். இரண்டு தடித்த குழாய்களை இணையாகத் தைத்து அடைத்தால், நடுவே ஒரு பள்ளம் உண்டாகும். பின்கட்டையின் அடி அதில் அமரும். காதுகளின் உட்புறம் வழவழப்பான தோலாக இருக்க வேண்டும். பழைய கைப்பையின் தோல் போதும். கட்டையை அவை பக்கவாட்டில் அசையவிடாமல் அணைக்க வேண்டும். அதேவேளை, சுட்டவுடன் துப்பாக்கி நேர்ப்பின்னாக வழுக்கிச் செல்ல வழிவிடவும் வேண்டும். இறுகப் பிடித்தால் துப்பாக்கி திமிறும், தளர்ந்தால் ஆடும். தோலின் மீது முகத்துக்குப் பூசும் பவுடரைத் தடவிக்கொள்ளும் வழக்கம் அந்நாட்டு வல்லுநர்களிடமே உண்டு.

இனி மணல். கட்டுமானப் பொருள் விற்கும் கடைகளில், குழந்தைகள் விளையாடுவதற்கென்றே கழுவி உலர்த்திய மணல் ஐம்பது பவுண்டு மூட்டைகளாகச் சில டாலருக்குக் கிடைக்கிறது. ஒரு மூட்டையில் ஏழு பைகள் தைக்கலாம்! அதையும் சல்லடையில் சலித்து, வெயிலில் விரித்து, விரலிடுக்கில் ஒட்டாத அளவுக்குக் காயவைக்க வேண்டும். ஈரமணல் கட்டிகட்டும், பின்பு உலர்ந்து உள்ளே வெற்றிடம் விடும். சிலர் அரிசியை நிரப்புகிறார்கள். உண்ணும் பொருளை இப்படி வீணாக்குவது இருக்கட்டும், அது ஈரத்தை உறிஞ்சி ஊதும், வண்டும் வரும். பிளாஸ்டிக் மணிகள் தூக்கிச் செல்ல இலேசானவை. மலையேறும் வேட்டைக்காரருக்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் அவை ஒன்றின்மேல் ஒன்று உருண்டு, அழுத்தினால் துள்ளும் இயல்புடையவை. இலக்குச் சுடுதலுக்கு மணலே மேல் என்பது என் கருத்து. வசதியுள்ளோர் மணலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள சிர்கான் மணலை வாங்குகின்றனர். சாதாரண மணலில் பையைக் கொஞ்சம் பெரிதாகத் தைத்தால் அந்த எடை வந்துவிடும்.

நிரப்புவதில்தான் பலர் தோற்கிறார்கள். புனலால் ஊற்றி, நிறைந்துவிட்டது என்று வாயைத் தைத்துவிடுகிறார்கள். பத்துமுறை சுட்டதும் மணல் குலுங்கி இறங்க, பை தளர்ந்து, குண்டுகள் இலக்கில் மேலும் கீழுமாக ஒரே நெடுங்கோட்டில் சிதறுகின்றன. உடனே தொலைநோக்கியின் மீது பழி! மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டிக்காம்பால் குத்தி, பையைத் தரையில் தட்டி, இரவு முழுவதும் அதன்மேல் ஒரு பாரத்தை வைத்துவிட வேண்டும். காலையில் பார்த்தால் இடம் விட்டிருக்கும். மீண்டும் ஊற்ற வேண்டும். மூன்று நாட்கள் இவ்வாறு செய்தபின் விரலால் அழுத்தினால் செங்கல்லை அழுத்துவது போல் இருக்க வேண்டும். காதுகளை இன்னும் கெட்டியாக அடைக்க வேண்டும்.

பை கல்லைப் போலாகிவிட்டால் உயரத்தை நுட்பமாக மாற்றுவது எப்படி? பின்கட்டையின் அடிவிளிம்பு சற்றுச் சாய்வாக இருப்பதால், பையை முன்னோ பின்னோ சிறிது நகர்த்தினால் குறி ஏறும் அல்லது இறங்கும். வேறு சிலர் அடிப்பையின் ஒரு மூலையை மட்டும் இளக்கமாக விட்டு, இடக்கையால் அதைப் பிசைந்து குறியை உயர்த்துவர். கைப்பிடி மாறாமல் விசையை இழுப்பதற்குப் பழக்கம் வேண்டும். புதியவர்களுக்கு நகர்த்தும் முறையே நல்லது.

மரவேலை அறிந்தவர்கள் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையில் மூன்று போல்ட்டுகளைக் கால்களாக அமைத்து, அதன்மேல் பையை வைத்து, திருகி உயர்த்தும் தாங்கியும் செய்கிறார்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது என்பது உண்மையே. ஆயினும் முன்சொன்ன கணக்கை இங்கும் போட்டுப் பாருங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும். பின்கட்டை அவ்வளவு உயர்ந்தால் நூறு மீட்டரிலேயே குறி 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அரைக்கால் சுற்றுக்கே இரண்டரை சென்டிமீட்டர். ஆகவே போல்ட்டின் தலையில் அகலமான மரச்சக்கரம் ஒன்றைப் பொருத்தினால்தான் விரல் அந்த நுட்பத்துக்கு வரும். இன்னொன்று: எஃப் கிளாஸின் இருகால் தாங்கிப் பிரிவில், திருகி உயர்த்தும் பின்தாங்கிக்கு அனுமதியில்லை. போட்டிக்குச் செல்ல எண்ணுபவர் விதிநூலைப் படித்துவிட்டுப் பலகையை அறுக்கட்டும்.

சோதனைக்குத் தோட்டா வேண்டியதில்லை. துப்பாக்கி வெறுமையாக இருப்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் வைத்து, தொலைநோக்கியின் குறுக்கிழையை ஒரு புள்ளியில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். இழை அதே புள்ளியில் நின்றால் பை தேறியது. பின்னர் வெறும் விசையை இழுத்துப் பார்த்தால், பிழை பையில் இருக்கிறதா, விரலில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விரலில் இருந்தால் அதற்கு எந்த ஊசிநூலும் உதவாது.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பையை வீட்டில் தைக்கலாம். காதடைப்பானையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியையும் தைக்க முடியாது. அவற்றில் மட்டும் காசு பார்க்கலாகாது. துப்பாக்கி ஓசையில் இழந்த செவித்திறன் திரும்புவதில்லை.

புதிய பை முதல் மாதத்தில் இன்னொரு முறை இறங்கும். ஆகவே அடிவாயை நிரந்தரமாக மூடாமல், பிரிக்கத்தக்க தையலாகவே விடுவது நலம். அந்த வாய்க்கு மற்றொரு பயனும் உண்டு. தொலைதூரப் போட்டிகளுக்கு விமானத்தில் செல்வோர் மூன்று கிலோ மணலைச் சுமந்து செல்வதில்லை. வீட்டிலேயே மணலைக் கொட்டிவிட்டு, வெறும் பையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். போய் இறங்கிய ஊரில் ஒரு மூட்டை உலர்மணல் வாங்கி, அறையின் தரையில் செய்தித்தாளை விரித்து, புனலும் கரண்டிக்காம்புமாக உட்கார்ந்து விடுகிறார்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும்; மணல் இறங்க அவகாசம் வேண்டுமல்லவா?