வானத்திலே வரைந்த கோட்டுக்கு ஊரிலே கணக்கு கேட்போம்!

மத்தூர் சுற்றுவட்டார விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கும் சகோதரர்களே!

கொள்ளு பிடுங்கின மேட்டுக்கொல்லை சித்திரை மாசத்திலே எப்படி இருக்கும்? வெறும் செம்மண். ஆடிப்பட்டத்தில் அதே கொல்லையில் கடலையும் கேழ்வரகும் நிற்கும் என்று நமக்குத் தெரியும். மேலே சுற்றுகிற செயற்கைக்கோளுக்குத் தெரியுமா? கோடையில் எடுத்த ஒரே படத்தை ஏ.சி. அறையில் வைத்துப் பார்க்கிறவர் "தரிசு" என்று வண்ணம் பூசிவிட்டால் போதும். தொழிற்பேட்டைக்குத் தோதான இடம் என்று அடுத்த கோப்பு நகரும்.

பூச்சாண்டி காட்டவில்லை. செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பை மத்திய அரசு 2000-ல் வெளியிட்டது. 2019 வரை அதைப் புதுப்பித்தும் வந்தது. புதர் நிலமும் அதில் தரிசுக் கணக்குதான். நம்ம ஆடு மேய்கிற கரடு அவர்களுக்குத் தரிசு!

காகிதத்தில் ஏறின தப்பை இறக்குவது எவ்வளவு பாடு? 1979-ல் தொடங்கின யு.டி.ஆர். பதிவில் அப்பன் பேருக்குப் பதிலாக அடுத்த கொல்லைக்காரன் பேர் ஏறினதற்கு, பேரன்கள் இன்றைக்கும் மனு எழுதிக்கொண்டு அலைகிறார்கள்.

இந்த வரைபட விளையாட்டை நமக்கு முன்னாடியே பார்த்தவர்கள் கடலோர மீனவர்கள். கடற்கரையில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதை 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் அதற்கான வரைபடமும் தீர்மானிக்கின்றன. எண்ணூரில் என்ன நடந்தது? பழைய வரைபடத்தில் 6,469 ஏக்கருக்குப் பாதுகாக்கப்பட்ட கழிமுகம் இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கின இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணோம் என்று 2017-ல் மீனவர்களும் சூழல் அமைப்பினரும் அம்பலப்படுத்தினார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, வரைபடத்தில் மட்டும் தரை! 2023-ல் புது வரைவு வந்தபோதும் வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம் எல்லாம் விட்டுப்போனதென்று மீனவ ஊர்கள் கொதித்தன.

கடல் நமக்கு எட்டாத தூரம் என்று நினைக்காதீங்க. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்த வெள்ளமும் தென்பெண்ணையில்தான் சேர்ந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்து, விழுப்புரமும் கடலூரும் மிதந்தன. இங்கே ஏரியும் ஓடையும் வரைபடத்தில் அழிந்தால் அங்கே வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். கடற்கரைத் திட்டம் மேட்டு நிலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

செயற்கைக்கோளுக்கு நாம் எதிரி இல்லை. 1988 முதல் நம் நாட்டுச் செயற்கைக்கோளே படம் எடுக்கிறது. அந்தப் பழைய படங்களை வெளியே எடுத்தால் ஏரியை எவன் எந்த வருஷம் மேடாக்கினான் என்று சாட்சி சொல்லும். அந்த வேலைக்கு மட்டும் ஏன் அதைக் கூப்பிடுவதில்லை?

2023-ல் கொண்டுவந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டமானால் நடுவிலிருக்கும் நீர்நிலையையும் சேர்த்து ஒப்படைக்க வழி செய்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஆகவே நம் கோரிக்கை இதுதான்: எந்தத் திட்டத்துக்கான வரைபடமும் சர்வே எண்ணோடு, தமிழிலே, கிராம சபையில் ஒட்டப்பட வேண்டும். ஒரு கோடைப் படம் போதாது, ஆடி முதல் தை வரைக்குமான படங்களும் வேண்டும். அதிகாரிகள் ஊர்க்காரரோடு நடந்து பார்த்துச் சரி செய்த பிறகுதான் அதற்கு மதிப்பு. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர் ஏரிக்கு வருகிற கால்வாய் போல, சின்ன வரத்துக்கால்கள் ஒவ்வொன்றும் பேரோடு அதில் ஏற வேண்டும்.

கிருஷ்ணகிரியில் மாதந்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும், அடுத்து வரும் கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக வைப்போம். பட்டா, சிட்டா, புலப்பட நகல் எடுத்து வாங்க. எந்த ஓடை எந்த ஏரிக்குப் போச்சு என்று தெரிந்த பெரியவர்களைக் கையோடு கூட்டிட்டு வாங்க!