பழைய ஆட்டங்களுக்குப் புத்துயிர் தேவையா?

"விளையாட்டுதானே, போனால் போகட்டும்" என்று பெரியோர் சொல்வதுண்டு. ஆனால் நல்ல கதைப் புத்தகம் ஒன்று அச்சில் இல்லாமற் போனால் நாம் வருந்துவதில்லையா? நல்ல வீடியோ விளையாட்டு மறைந்தாலும் அது இழப்பே என்பது என் கருத்து.

புத்தகத்தைப் படிக்கக் கண்கள் போதும். இந்த ஆட்டங்களுக்கோ உரிய கருவி வேண்டும். என் அப்பா சிறுவயதில் விளையாடிய மாரியோ கேசட் இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது. அதைச் செருகும் பெட்டி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கேசட் இருந்தும் ஆட்டம் இல்லை! இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 விற்பனையிலேயே இல்லை என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்' 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

ஆகவே பழைய ஆட்டங்களை மறுபடி வெளியிடுவதும், புதிதாக உருவாக்குவதும் நற்பணிகளே. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1993-இல் 'லிங்க்ஸ் அவேக்கனிங்' என்ற ஆட்டத்தைக் கேம் பாய் என்னும் கைக்கருவிக்காக வெளியிட்டது. அன்று அதில் வண்ணமே கிடையாது. 2019-இல் அதையே பொம்மை உலகம் போன்ற வண்ணப் படங்களுடன் ஸ்விட்ச் கருவிக்காக மீண்டும் படைத்தனர். கதை நடக்கும் தீவு அதே தீவுதான். அப்பா வயதினரும் என் வயதினரும் அதில் உலவ முடிகிறது.

"பழையதை விற்றுக் காசு பார்க்கிறார்கள்" என்று சிலர் குறை கூறுவர். அதிலும் உண்மை உண்டு. 2002-இல் வந்த 'வார்கிராப்ட் 3' என்ற கணினி ஆட்டம் 2020-இல் புதுப்பிக்கப்பட்டது. அப்போது பழையதை வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் புதிய நிரலே வந்து சேர்ந்தது. முன்பிருந்த சில வசதிகள் அதில் இல்லை. ஆடியவர்கள் மனம் நொந்தனர். இது புத்துயிர் ஆகாது.

புதுப்பிப்போர் பழையதையும் அருகிலேயே வைத்திருக்கட்டும். 1997-இல் வந்த 'பைனல் பேன்டசி 7' 2020-இல் புதுவடிவம் பெற்ற பின்னும் பழைய ஆட்டம் தொடர்ந்து விற்கப்பட்டது. அதுவே முறை. பாட்டி சொன்ன கதையை அம்மா தன் வழியில் சொல்லலாம். அதற்காகப் பாட்டியைப் பேசாதிருக்கச் சொல்லலாமா?

மாரியோவில் அப்பாவால் கடக்க முடியாத கட்டம் ஒன்று இருந்ததாம். அந்த ஆட்டம் மறுவெளியீடு கண்டிருப்பதால், என்றாவது நானும் அதை ஆடிப் பார்ப்பேன். ஆனால் மறுவெளியீடு காணாத மற்ற ஆட்டங்களின் கதி என்ன? தோழியரே, சிந்திப்போம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி